சத்தம் போடாத தந்தி

அத்தியாயம் பதினான்கு

குமுதா பின் இருக்கையில்தான் ஏறினாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவள் குடியிருக்கும் ஃபிளாட்டுக்குக் கீழே காரை ஓரங்கட்டி, முன் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான் அவள் தம்பி யுகேந்திரன். அவள் அதைப் பார்க்காதவள்போலப் பின் கதவைத் திறந்தாள். மாண்டலின் பெட்டியை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"முன்னுக்கு உக்காருக்கா. நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்?"

"இங்கேயே இருக்கேன். நீ ஓட்டு."

ஏழு மாதமாக அவள் யாருடைய காரிலும் முன்னால் உட்காருவதில்லை. மார்ச் மாதத்தில் ஒரு மழை இரவு, கிள்ளானில் கோயில் கச்சேரி முடித்துத் தம்பியின் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, மேரு சாலையில் அந்த விபத்து நடந்தது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த திருச்செல்வம் என்கிற பாதுகாவலர் இறந்துபோனார். கார்க் கண்ணாடி உடைந்து குமுதாவின் இடது கையைக் கிழித்தது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தையல் போட்டார்கள். மாண்டலின் வாசிக்கிறவளுக்கு அந்த இரண்டு விரலும் போனால் பாதி உயிர் போன மாதிரி.

யுகேந்திரன் போலீசில் சொன்னது இதுதான். மோட்டார் சைக்கிளை லேசாக உரசிவிட்டேன், உடனே நிறுத்தினேன், நான் இறங்குவதற்குள் பின்னால் வந்த லோரி, விழுந்து கிடந்தவர்மேல் ஏறி, அவருடைய வண்டியையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது.

குமுதா சொன்னது அதைவிடச் சுருக்கம். இடித்ததும் மயங்கிவிட்டேன். ஒன்றும் தெரியாது.

யுகேந்திரனுக்கு அபராதத்தோடு போயிற்று. லோரி ஓட்டுநர் ராஜன்மேல் வழக்குப் போட்டார்கள். வரும் வியாழக்கிழமை அந்த வழக்கில் குமுதா கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

"அக்காவோட விரலுக்கு ஏத்த மாதிரி தந்தி வாங்கணுமாம். நீயே கூட்டிட்டுப் போ. அவ மனசு கோணாம நடந்துக்கோ," என்று அம்மா இராஜம்மா காலையிலேயே அவனைக் கிள்ளானிலிருந்து விரட்டிவிட்டிருந்தாள். அம்மா சொல்லாவிட்டாலும் வந்திருப்பான். நவராத்திரிக்குக் கோயிலில் மறுபடி வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, உலகத்திலேயே நல்ல தந்தியை வாங்கித் தந்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறியே வந்திருந்தது.

"கோர்ட்லேர்ந்து கடுதாசி வந்துருச்சா?" பங்சாரைத் தாண்டும்போது கேட்டான்.

"வந்துருச்சு."

"பயப்படாதக்கா. ஏற்கெனவே சொன்னதுதான். மயங்கிட்டேன், ஒன்னும் தெரியாது. அஞ்சு நிமிஷத்துல விட்டுடுவாங்க லா."

கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டாலிங் ஜெயா பழைய டவுனில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஷாஹுல் ஹமீதின் கடை. கித்தார், வயலின், வீணை, எது உடைந்தாலும் கொண்டுவந்து போடுவார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கேயே தங்கிவிட்ட மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு குமுதாவின் இடது கையை வாங்கிப் பார்த்தார். தழும்பை மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா தங்கச்சி?"

"கொஞ்சம். கூசுது."

"கூசத்தான் செய்யும். தோல் இன்னும் இளசு." அவர் மாண்டலினை மேசைமேல் துணி விரித்துப் படுக்கவைத்தார். "பாருங்க தம்பி," என்று யுகேந்திரனையும் பக்கத்தில் அழைத்தார். "எட்டுத் தந்தி, நாலு ஜோடி. மெல்லிசா இருக்கற ரெண்டு ஜோடியும் வெறுங்கம்பி. அதுல பிரச்னை இல்ல. தடிச்ச ரெண்டு ஜோடிதான், உள்ள ஒரு கம்பி, அதுமேல இன்னொரு கம்பியைச் சுத்தியிருப்பான். உருண்டைக் கம்பி. அதனால மேடும் பள்ளமுமா இருக்கும். நகத்தால தடவிப் பாருங்க."

யுகேந்திரன் தடவினான். சின்ன ரம்பம் மாதிரி நகத்தில் நெருடியது.

"அக்கா நம்ம சங்கீதம் வாசிக்கறவங்க. ஒரு சுரத்துலேர்ந்து இன்னொரு சுரத்துக்கு விரலை எடுக்காம இழுத்துட்டுப் போகணும். அந்த ரம்பத்துமேல இந்த விரல் போனா என்ன ஆகும்? அதுக்குத்தான் வேற வகை. தந்தி முழுசும் இப்ப மாத்த வேணாம். தடிச்ச ஜோடியை மட்டும் மாத்தி மாத்திக் காட்டறேன். பிடிச்சதைச் சொல்லுங்க."

முதலில் பழைய தந்தியிலேயே வாசிக்கச் சொன்னார். குமுதா ஸ்டூலில் உட்கார்ந்து, மீட்டி, விரலைக் கீழிருந்து மேலே இழுத்தாள்.

கீய்ய்ய்ச்.

சுரத்துக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வந்தது. இரும்பு இரும்பைச் சுரண்டுகிற மாதிரி. யுகேந்திரன் தன்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினான். ஏன் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பல் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

குமுதாவின் முகம் வெளுத்திருந்தது. "போதும்ணே. அடுத்தது போடுங்க."

ஷாஹுல் அடுத்ததை மாட்டினார். உருண்டைக் கம்பியைச் சுற்றி, மேல் மேட்டை மட்டும் தேய்த்து மழுக்கிய தந்தி. "இது நடுவாந்தரம். பாதி பளபளப்பு இருக்கும், பாதி வழவழப்பு இருக்கும். நிறையப் பேரு இதைத்தான் எடுப்பாங்க."

நாதம் நன்றாக இருந்தது. யுகேந்திரனுக்கே தெரிந்தது. ஆனால் அவள் வேகமாக இழுத்தபோது, அடியில் எங்கேயோ அந்தச் சுரண்டல் மறுபடி கேட்டது. மெல்லியதாக, தூரத்தில் இருந்து வருவது மாதிரி.

"நல்லா இருக்கேக்கா! இதையே எடுத்துக்கோ."

"வேணாம்."

"ஏன்? விரல் வலிக்குதா?"

"வேணாம்னு சொன்னேன்ல."

ஷாஹுல் இருவரையும் பார்த்தார். மூன்றாவது உறையைப் பிரித்தார். "அப்ப இதுதான். ஃபிளாட்வவுண்ட். உருண்டைக் கம்பிக்குப் பதிலா, தகடு மாதிரி தட்டையான நாடாவைச் சுத்தியிருக்கு. ஆனா ஒன்னு, முன்னாடியே சொல்லிடறேன். கணீர்னு இருக்காது. பக்கத்து ரூமுல வாசிக்கற மாதிரி கொஞ்சம் அமுங்கித்தான் கேக்கும். தந்தியைப் பக்கவாட்டுல வளைச்சு வாசிக்கறதும் சிரமம், விறைப்பு ஜாஸ்தி. ஆசையா வாங்கிட்டுப் போயி, உசுரில்லாத தந்தின்னு திருப்பிக் கொண்டாந்தவங்களும் உண்டு. யோசிச்சு எடுங்க."

"போடுங்கண்ணே."

அவர் மாட்டிச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். குமுதா விரலை வைத்தாள். இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, மெதுவாக, பிறகு வேகமாக.

சுரம் மட்டும் வந்தது. இருட்டான, கனமான சுரம். விரல் நகர்ந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்கு அடியில் நீர் கோத்தது.

"சத்தம் வரல," என்றாள்.

"வராது தங்கச்சி, அதான் இதோட குணமே," என்றார் ஷாஹுல் பெருமையாக. "இதையே போட்டுடவா? மெல்லிசு ஜோடிகளையும் புதுசா மாத்தித் தரேன். இருபது நிமிஷம் கொடுங்க." மாண்டலினை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

யுகேந்திரன் சிரிக்கப் பார்த்தான். "நல்லது லா. ஆனா அந்த நடுவாந்தரம் இன்னும் ஜோரா இருந்துச்சே. லேசாதானே சத்தம்..."

"உனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வரலையா?"

"எந்தச் சத்தம்?"

"நம்ம காருக்கு அடியில வந்த சத்தம்."

மேல்மாடியில் சுழன்றுகொண்டிருந்த காற்றாடியின் ஓசை யுகேந்திரனுக்குத் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தான் ஏன் பின்வாங்கினான் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ... மயங்கிட்டேன்னு சொன்னியே."

"நான் மயங்கவே இல்ல யுகேன்."

உள்ளறையில் ஷாஹுல் தந்தியை முறுக்கும் சத்தம் கேட்டது. யுகேந்திரன் அக்காவின் முழங்கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, படியிறங்கி நடைபாதைக்கு வந்தான். கீழே டயர் கடையில் நட்டு கழற்றும் இயந்திரம் விட்டுவிட்டு அலறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது.

"என்ன தெரியும் உனக்கு? சொல்லு."

"எல்லாம் தெரியும். நீ போனைப் பாத்தே. அப்புறம் இடிச்சே. அந்த ஆளு என் பக்கம் வந்து விழுந்தாரு. கண்ணாடி உடஞ்சுச்சு. நீ நிறுத்தல."

"பதற்றம்க்கா. கால் பிரேக்குக்குப் போகல..."

"அறுபது எழுபது மீட்டர் ஓட்டிட்டுப் போனே. அவரோட மோட்டார் நம்ம பம்பருக்கு அடியில மாட்டிக்கிட்டு ரோட்டை உரசிக்கிட்டே வந்துச்சு. லோரி இழுத்துட்டுப் போச்சுன்னு நீ சொன்னியே, அந்த மோட்டாரை நீதான் இழுத்துட்டுப் போனே. அந்தச் சத்தம் இன்னும் என் காதுலேயே இருக்கு. கை ஆறினப்புறம் மாண்டலினைத் தொட்டேன். முதல் இழுப்புலேயே அது வந்துச்சு. பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். விரல் வலின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். விரல் வலி இல்ல."

யுகேந்திரன் சுவரில் சாய்ந்தான். ஏழு மாதமாக அவன் ஒரு கணக்கை மனதுக்குள் சரிபார்த்துச் சரிபார்த்து வைத்திருந்தான். இடித்த அடியிலேயே அந்த மனிதர் இறந்துபோயிருப்பார். லோரி ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதான். நின்றிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அந்தக் கணக்கில்தான் தினமும் எழுந்து வேலைக்குப் போய் வந்தான்.

"அக்கா, அவரு அப்பவே போயிட்டாரு. நான் நின்னிருந்தாலும்..."

"போகல."

"என்ன?"

"நீ கீழ இறங்கினே. அவரைப் பாக்கப் போவேன்னு நெனச்சேன். நீ காருக்கு முன்னால போயி, குனிஞ்சு, மோட்டாரை வெளியில இழுத்துட்டு இருந்தே. நான் உடஞ்ச கண்ணாடி வழியாத் திரும்பிப் பாத்தேன். வெள்ளை ஹெல்மெட்டு. அது மேல எழும்புச்சு. கையை ஊனிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தாரு யுகேன். நம்ம காரைப் பாத்துதான் உக்காந்திருந்தாரு."

டயர் கடை இயந்திரம் அலறி ஓய்ந்தது.

"எவ்வளவு நேரம்?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"மூனு நிமிஷம். நாலு நிமிஷமா இருக்கலாம். அப்புறம்தான் லோரி வந்துச்சு."

அவன் சுவரோடு சரிந்து குந்திவிட்டான். ஒரு லோரி ஓட்டுநர் மழையில் முட்டிபோட்டு, இறந்த மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ பாக்கலையே, பாக்கலையே" என்று கத்தியது அவன் கண்முன் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அந்த ராஜன்தான். யுகேந்திரன் அப்போது தன் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயாவது கத்தியிருக்கலாம் லா," என்றான் திடீரென்று. பயம் கோபமாக மாறிவிட்டது. "நீ இறங்கி ஓடியிருக்கலாம். ஏழு மாசம் வாயை மூடிட்டு இருந்துட்டு, இப்ப நான் மட்டும் கொலைகாரனா? வியாழக்கிழமை நீ மாத்திச் சொன்னா, முன்னாடி ஏன் பொய் சொன்னேன்னு உன்னையும்தான் உள்ள போடுவாங்க!"

"போடட்டும்."

அவள் அதைச் சத்தமில்லாமல் சொன்னாள்.

"கத்தியிருக்கணும். கத்தல. என் கையிலேர்ந்து ரத்தம் கொட்டுது, என் விரல் போச்சேன்னுதான் அந்த நேரத்துல எனக்கு இருந்துச்சு. அதை நெனச்சு நெனச்சு நான் செத்துட்டு இருக்கேன். உன்னை மட்டும் குத்தம் சொல்ல நான் வரல. ஆனா ராஜன் ஜெயிலுக்குப் போகக் கூடாது."

"தாமரைக்கு இன்னும் ரெண்டு வாரத்துல பிரசவம்க்கா," என்று மனைவியின் பேரைச் சொல்லிக் கெஞ்சினான்.

"தெரியும். அதனாலதான் இன்னிக்கு உன்கிட்ட சொல்றேன். வியாழக்கிழமை நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே போயி சொல்லிடு. அது வேற, நான் சொல்லி உன்னைப் பிடிக்கறது வேற."

அவள் மேலே போனாள். திரும்பி வந்தபோது பெட்டி தோளில் இருந்தது. காரைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போறே? நான் கொண்டு விடறேன்."

"எல்.ஆர்.டி. ரயில்ல போறேன்."

வெயிலில் அவள் சாலையைக் கடந்து ஸ்டேஷன் பக்கம் நடப்பதை அவன் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிள்ளான் வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. எப்படி ஓட்டிக்கொண்டு வந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூடத்தில் அம்மா இராஜம்மா பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டாளா?"

யுகேந்திரன் வாசலிலேயே நின்றான். "உனக்குத் தெரியுமாம்மா?"

"உள்ள வா. கதவைச் சாத்து."

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாளே சொன்னா." அம்மாவின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "போலீஸ் வாக்குமூலம் வாங்க வர்றதுக்கு முன்னாடி. மயங்கிட்டேன்னு சொல்லச் சொன்னது நான்தான். மாட்டேன்னு சொன்னா. தாமரை அப்ப ரெண்டு மாசம். வயித்துப் பிள்ளை மேல சத்தியம் வாங்கினேன். அவ கட்டுப் போட்ட கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்கினேன்."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அக்கா வாய் மூடிக்கிடந்த ஏழு மாதமும் யாருக்காக என்று இப்போது விளங்கியது. நடைபாதையில் அவளைப் பார்த்து அவன் கத்தியது காதில் திரும்ப வந்தது.

"ஏன்மா இப்படிச் செஞ்சே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? உங்கப்பா போனப்போ நீ ஆறு வயசு. உன்னை ஜெயிலுக்கு அனுப்பவா வளர்த்தேன்? அந்த ராஜனுக்கு ரெண்டு வருஷமோ மூனு வருஷமோ கிடைக்கும், வந்துடுவான். நீ போனா இந்தப் பிள்ளை யார் முகத்தைப் பாத்து வளரும்?" அவள் எழுந்தாள். "நாளைக்குக் காலையில நானே பிரிக்பீல்ட்ஸ் போறேன். அவ கால்ல விழறேன். வியாழக்கிழமை அவ அங்க போக மாட்டா. நான் பாத்துக்கறேன். நீ குளிச்சிட்டுச் சாப்பிடு."

"அந்த ஆளு உக்காந்திருந்தாரும்மா," என்றான் யுகேந்திரன். "இடிச்சப்புறம். எந்திரிச்சு உக்காந்திருந்தாராம். நான் மோட்டாரை இழுத்துட்டு இருந்தேன்."

"தெரியும். அதை வாயால திரும்பச் சொல்லாதே."

சமையலறைப் பக்கம் ஏதோ நகர்ந்தது. இருவரும் திரும்பினார்கள்.

தாமரை நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலைப்படியில். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்துவந்த முகம். ஆனால் கண்களில் தூக்கம் இல்லை.

"நீ உள்ள போம்மா," என்றாள் இராஜம்மா. "ஒன்னும் இல்ல."

தாமரை மாமியாரைப் பார்க்கவே இல்லை. கணவனைப் பார்த்தாள்.

"அவரு உசுரோட இருந்தாரா?"

யுகேந்திரன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன். லோரி வர்றதுக்கு முன்னாடி அவரு உசுரோட இருந்தாரா?"

"இருந்தாரு."

அவள் மெதுவாகத் தலையசைத்தாள். அழவில்லை. அவன் பயந்த மாதிரி மயங்கி விழவும் இல்லை. அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கைப்பை தோளில் இருந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள். வீங்கிய பாதம் உள்ளே போக நேரம் எடுத்தது.

"எங்க கிளம்பிட்டே?" இராஜம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "வலி கண்டிருச்சா?"

"இல்ல அத்தை. போலீஸ் பலாய்க்குப் போறேன், அந்த ஸ்டேஷன்ல போயி உள்ளதைச் சொல்றதுக்கு." தாமரை நிமிர்ந்தாள். "எங்கப்பாவும் லோரி ஓட்டினவருதான். முப்பது வருஷம். ஒவ்வொரு நாளும் அவரு வந்து சேர்ற வரைக்கும் எங்கம்மா சோத்துல கை வைக்க மாட்டாங்க. அந்த ராஜன் வீட்டுலயும் ஒருத்தி அப்படித்தான் உக்காந்திருப்பா." பிறகு கணவனிடம் சொன்னாள்: "என் பிள்ளை மேல சத்தியம் வாங்கினாங்களாம். எனக்குத் தெரியாம. அந்தச் சத்தியம் எனக்கு வேணாம். நீங்க வரீங்களா, நான் மட்டும் போகவா?"

அதற்குள் இராஜம்மா வாசலுக்குப் போய்விட்டாள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டு அழுத்தினாள். சாவியை உருவி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அறுபத்தெட்டு வயது. மூச்சு வாங்கியது. முந்தானை நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரும் உள்ள போங்க," என்றாள். "என்னைத் தாண்டித்தான் போகணும்."

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாமரை அசையாமல் நின்றாள். அவள் வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

யுகேந்திரன் அம்மாவின் முன்னால் போய் நின்றான். தன் கையை மெல்ல நீட்டி, உள்ளங்கையை விரித்தான்.

"சாவியைக் குடும்மா."

இராஜம்மா தரவில்லை.